மனசு நகருமா, உருகுமா?

வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றித் தரும் லாரிகளில் 'பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்' என்று தமிழில் எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறும்பான எண்ணம் வரும். மூவர் என்றால் நமக்குச் சம்பந்தர், அப்பர், சுந்தரர். இல்லாவிட்டால் சேர சோழ பாண்டியர். இப்படிப்பட்ட பெரியவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நம் வீட்டு பீரோவைத் தூக்கி லாரியில் வைக்கிறார்களே என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

அந்த 'மூவ்' பற்றித்தான் இந்தப் பதிவு. ஆங்கிலத்தில் இதைவிடச் சாதாரணமான சொல் கிடையாது. பீரோவை நகர்த்தினாலும் மூவ்தான், ஒரு பாட்டைக் கேட்டுக் கண் கலங்கினாலும் மூவ்தான். ஒரே சொல் எப்படி இரண்டு வேலையும் பார்க்கிறது, தமிழில் ஏன் அது ஒத்துவர மாட்டேன் என்கிறது என்று கொஞ்ச நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பதிவு நீளம்தான். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் நம் வாயில் இந்தச் சொல் என்ன பாடுபடுகிறது என்று பார்ப்போம். "சிக்னல்ல வண்டி மூவே ஆகல." இது எல்லோருக்கும் தெரிந்தது. ஜவுளிக்கடையில் கேட்டால், "இந்தக் கலர் மூவ் ஆகமாட்டேங்குது சார்." புடவை அலமாரியை விட்டு அசையவில்லை, விற்கவில்லை என்று அர்த்தம். அரசு அலுவலகத்தில், "ஃபைல் மூவ் ஆயிடுச்சா?" அதாவது ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு. அரசியல் பேசுகிற டீக்கடையில், "தலைவரோட அடுத்த மூவ் என்னங்கிறீங்க?" இதற்குப் பத்திரிகைத் தமிழில் 'காய் நகர்த்தல்' என்று அழகாகச் சொல்கிறோம்.

இவற்றிலெல்லாம் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. "அவரு எல்லாரோடயும் நல்லா மூவ் பண்ணுவாரு." கலகலப்பாகப் பழகுவார் என்று பொருள். இதை ஒரு லண்டன்காரரிடம் ஆங்கிலத்தில் அப்படியே சொன்னால், நல்லா டான்ஸ் ஆடுவாரோ என்று நினைத்துக்கொள்ளக்கூடும். மேல்தட்டு வட்டாரங்களில் புழங்குகிறவரைப் பற்றி அவர்களும் மூவ் என்று சொல்வதுண்டு. ஆனால் பழகும் குணத்துக்கு இந்தச் சொல்லைப் போட்டது இந்திய ஆங்கிலம்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. மூவ் என்ற சொல்லின் நகர்தல் அர்த்தங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்த நாம், அழ வைக்கிற அந்த ஒரு அர்த்தத்தை மட்டும் எல்லையிலேயே விட்டுவிட்டோம். "படம் என்னை மூவ் பண்ணிடுச்சு" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "ஃபீல் ஆயிட்டேன்" என்பார்கள். "எமோஷனல் ஆயிட்டேன்" என்பார்கள். "செம டச்சிங் சீன் மச்சி" என்பார்கள். ஆக, ஆங்கிலச் சொல்லே வேண்டாம் என்று இருந்துவிடவில்லை. டச் வந்தது, ஃபீல் வந்தது. மூவ் மட்டும் அந்த வேலைக்கு வரவில்லை. இது சும்மா நடந்ததல்ல என்று நினைக்கிறேன்.

காரணத்துக்குப் போகும் முன் இந்தச் சொல்லின் சொந்தபந்தங்களைப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'மோவேரே' என்றால் அசைத்தல், நகர்த்தல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1066இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேறினவே, அந்தக் கூட்டத்தில் இதுவும் ஒன்று. அதன் வாரிசுகள் இன்று நம் வீடெல்லாம் நிறைந்திருக்கிறார்கள். கையில் இருக்கும் மொபைல், தண்ணீர் ஏற்றும் மோட்டார், வேலையில் கிடைக்காத ப்ரமோஷன், எப்போதும் சோபா இடுக்கில் ஒளிந்துகொள்ளும் ரிமோட், ஞாயிற்றுக்கிழமை பார்க்கும் மூவி எல்லாம் ஒரே குடும்பம். தூரத்துக்கு நகர்த்தப்பட்டது ரிமோட். முன்னால் நகர்த்தப்படுவது ப்ரமோஷன். அவர்களுக்கு அது முன்னோக்கிப் போவது, நமக்கோ பதவி 'உயர்வு', மேலே ஏறுவது. அசையும் படம் என்ற பெயரைச் செல்லமாகச் சுருக்கியது மூவி. 'மோமென்ட்' என்ற கணமும்கூட லத்தீனில் அசைவு என்ற சொல்லிலிருந்து வந்ததுதான்.

கும்பலைக் குறிக்கும் 'மாப்' இன்னும் சுவாரசியம். நிலையில்லாமல் அங்குமிங்கும் சாயும் ஜனங்கள் என்று பொருள்படும் 'மோபிலே வுல்குஸ்' என்ற லத்தீன் தொடரை ஆங்கிலேயர்கள் நறுக்கி எடுத்த துண்டு அது. கலிவர் கதை எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்டுக்கு இப்படி வார்த்தையைப் பாதியில் வெட்டுவது பிடிக்கவே இல்லை. 1710இல் ஒரு பத்திரிகையில் திட்டி எழுதினார். வார்த்தை பிழைத்துக்கொண்டது. இன்று குறுஞ்செய்தியில் பாதி வார்த்தைகளை முழுங்குகிறவர்களைப் பார்த்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ!

சட்டத்திலும் இந்த மூவ் நன்றாகக் கால் பதித்திருக்கிறது. பத்திரப்பதிவு அலுவலகம் போனவர்களுக்கு 'அசையும் சொத்து', 'அசையாச் சொத்து' தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் மூவபிள், இம்மூவபிள். நிலம் அசையாது, நகை அசையும், இதில் என்ன குழப்பம் என்று தோன்றும். மரம்? மண்ணில் வேர்விட்டு நிற்கிறது, அசையாச் சொத்துதானே? 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். வெட்டு மரமாக நிற்பது, வளரும் பயிர், புல், மரத்தில் தொங்கும் பழம், ஏன், மரத்துக்குள் இருக்கும் சாறுகூட அசையும் சொத்து என்று அதில் இருக்கிறது. நம் பனைமரத்துப் பதநீர் பானைக்கு வரும் முன்னாலேயே சட்டத்தின் கண்ணில் அசையும் பொருளாகிவிடுகிறது! 1958இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கில் நீதிபதி விவியன் போஸ் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். மரம் மண்ணிலிருந்து இன்னும் சத்தை இழுத்து வளரட்டும், பழம் தரட்டும் என்று விட்டுவைத்தால் அது அசையாதது. சீக்கிரமே வெட்டி எடுப்பதற்காக நிற்கிறது என்றால் அது அசைவது. அதே மரம், அதே இடம். நம்முடைய எண்ணத்தைப் பொறுத்து அது அசைகிறது, அசையாமல் நிற்கிறது.

இதன் தம்பி 'மோஷன்' இன்னும் வேடிக்கை. டாக்டரிடம் போனால் மோஷனுக்கு ஒரு அர்த்தம், அது உங்களுக்கே தெரியும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 'லஞ்ச் மோஷன்' என்றால் அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அவசர வழக்கைக் காலையிலேயே நீதிபதியிடம் முறையிட்டு, அனுமதி வாங்கி, மதிய உணவு இடைவேளைக்குப் பிறகு விசாரணைக்கு எடுக்க வைப்பதற்கு அந்தப் பெயர். விடுமுறை நாளில் நீதிபதியின் வீட்டிலேயே விசாரித்தால் 'ஹவுஸ் மோஷன்'. சட்டமன்றத்தில் கொண்டுவரும் மோஷனைத் தமிழ்நாட்டில் 'தீர்மானம்' என்கிறோம். நம்பிக்கையில்லாத் தீர்மானம், ஒத்திவைப்புத் தீர்மானம், கவன ஈர்ப்புத் தீர்மானம். யோசித்துப் பார்த்தால் இது கொஞ்சம் இடிக்கும். தீர்மானம் என்றால் முடிவு. இன்னும் முடிவே எடுக்காத, சபை முன்னால் வைத்த யோசனைக்கு எப்படி அந்தப் பெயர்? அதனால்தான் 'தீர்மானம் தோல்வி' என்ற விசித்திரமான தலைப்புகள் வருகின்றன. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் 'நம்பிக்கையில்லாப் பிரேரணை' என்று எழுதும். பிரேரணை என்றால் உந்துதல், தூண்டுதல். மோஷனுக்கு அதுதான் நெருக்கம். சபையை ஒரு பக்கமாக உந்துவதுதானே நோக்கம்?

இப்போது உணர்ச்சிப் பக்கம் வருவோம். 'எமோஷன்' என்ற சொல்லும் அதே லத்தீன் வேர்தான். வெளியே அசைத்து எடுத்தல் என்று பிரித்துச் சொல்லலாம். பிரெஞ்சுக்காரர் மாண்டேனின் கட்டுரைகளை 1603இல் ஆங்கிலத்தில் பெயர்த்த ஜான் ஃப்ளோரியோ, தன் நூலில் புழக்கத்தில் இல்லாத சில முரட்டுச் சொற்களைப் போட்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்ற தோரணையில் முன்னுரையில் ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் எமோஷனும் ஒன்று! அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு ஊர்க் கலவரம், கொந்தளிப்பு என்ற அர்த்தமும் இருந்தது. மனசுக்குள் நடப்பதைப் பொதுவாகக் குறிக்கும் சொல்லாக, அறிவுலகம் ஏற்றுக்கொண்ட கலைச்சொல்லாக அது நிலைத்தது ரொம்பப் பிந்தி. எடின்பரோவில் பாடம் நடத்திய தாமஸ் பிரவுனின் சொற்பொழிவுகள் 1820இல் அச்சான பிறகுதான் அது பரவியது. அதற்கு முன் 'பேஷன்', 'அஃபெக்ஷன்' என்று பல பெயர்களில் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருந்ததை ஒரே பையில் போட்டுக் கட்டினார்கள்.

பிறகு 1884இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ஒரு கட்டுரையில் எல்லாவற்றையும் தலைகீழாக்கினார். துக்கம் வருகிறது, அதனால் அழுகிறோம் என்று நினைக்கிறோம். இல்லை, முதலில் உடல் மாறுகிறது, கண்ணீர் வருகிறது, நெஞ்சு அடைக்கிறது, அந்த மாற்றத்தை நாம் உணர்வதுதான் துக்கம் என்றார். இன்றுவரை இதை ஆதரித்தும் மறுத்தும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இதைப் படித்ததும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல்தான் ஞாபகம் வந்தது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. பெயரைப் பாருங்கள்: மெய்ப்பாடு. மெய்யில் படுவது. உணர்ச்சியைப் பேசத் தொடங்கும்போதே உடம்பில் கையை வைத்துவிட்டது தமிழ். ஜேம்ஸ் சொன்னதும் தொல்காப்பியம் சொன்னதும் ஒன்று என்று சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்வது அசட்டுத்தனம். இருவரும் பார்த்த இடம் உடல் என்பது மட்டும்தான் என் வாதம்.

சரி, மனசு நெகிழ்ந்ததற்கு நாம் என்னென்ன சொல்கிறோம்? உருகினேன். நெகிழ்ந்தேன். இளகினேன். கரைந்தேன். கசிந்தேன். இதில் ஒன்றாவது நகர்கிறதா? மனசு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கெட்டியாக இருந்தது இப்போது கெட்டியாக இல்லை, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் மாறுவது மனசு நிற்கும் இடம். தமிழில் மாறுவது மனசின் பதம். நம் உணர்ச்சிச் சொற்களைக் கொஞ்சம் வரிசைப்படுத்தினால் ஒரு சமையலறையே வந்துவிடும். கோபம் கொதிக்கிறது, பொங்குகிறது, பிறகு தணிகிறது. வயிறு எரிகிறது. மனசு புழுங்குகிறது. நல்ல வார்த்தை கேட்டால் குளிர்கிறது. துக்கம் ஆறுகிறது.

அப்படியானால் தமிழ் மனசு அசைவதே இல்லையா? அசைகிறது. ஆனால் அப்போது என்ன சொல்கிறோம் பாருங்கள். சலனம். சஞ்சலம். அலைபாய்தல். தடுமாற்றம். கலக்கம். நிலைகுலைதல். ஒன்றாவது பாராட்டா? 'சலனப்படம்' என்று சினிமாவைச் சொன்னபோது சலனம் வெறும் அசைவுதான். அதே சலனம் மனசுக்குள் வந்தால் வீட்டில் கவலைப்படுவார்கள். "அவன் மனசுல ஏதோ சலனம்" என்றால் பெரியவர்கள் ஜாதகத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் 'மூவ்' ஆகாத மனிதன் கல் நெஞ்சுக்காரன். தமிழில் சலனப்படாத மனிதன் ஞானி. உருகாதவன்தான் கல் நெஞ்சுக்காரன். டச்சையும் ஃபீலையும் உள்ளே விட்ட நாம் மூவை வாசலில் நிறுத்தியதற்கு இதுதான் காரணம் என்பது என் கணக்கு. மனசை இடம்பெயர்க்கிற சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது, அது கெட்ட பெயர் எடுத்த சொல்.

எல்லாவற்றையும் இப்படிக் கோடு போட்டுப் பிரித்துவிட முடியாது என்பதும் தெரியும். ஆங்கிலத்திலும் இதயம் உருகுவதுண்டு, கோபம் சூடாவதுண்டு. நாமும் "அந்தச் சம்பவம் என்னை அசைச்சுப் பாத்துடுச்சு" என்கிறோம். ஆனால் கவனியுங்கள், அப்படிச் சொல்லும்போது ஆட்டம் கண்டுவிட்டேன் என்கிற தொனிதான் தூக்கலாக இருக்கும்.

இலக்கணமும் இதற்குத் துணை நிற்கிறது. ஆங்கிலத்தில் தானாக நகர்ந்தாலும் பிறர் நகர்த்தினாலும் மூவ்தான். நாம் அப்படி விடுவதில்லை. நகர் வேறு, நகர்த்து வேறு. ஓடு, ஓட்டு. ஆடு, ஆட்டு. உருகு, உருக்கு. செய்தவன் யார், பட்டவன் யார் என்று வினையே காட்டிக்கொடுத்துவிடும். 'கதை என்னை நகர்த்தியது' என்கிற ஆங்கில அமைப்பில் கதைதான் ஆள், நான் பீரோ மாதிரி. தமிழில் "கதையைப் படிச்சு உருகிட்டேன்" என்றுதான் இயல்பாக வரும். கதை உருக்கவில்லை, நான் உருகினேன். உருகும் தன்மை என்னிடம் ஏற்கெனவே இருந்தது, கதை வந்து சூடேற்றியது, அவ்வளவே.

மொழிபெயர்க்கிறவர்களுக்கும் சப்டைட்டில் எழுதுகிறவர்களுக்கும் இங்கேதான் திண்டாட்டம். உருக்கம், நெகிழ்ச்சி இரண்டும் ஒன்றல்ல. நம் நாளிதழ்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 'நடிகை உருக்கம்' என்று தலைப்பு வந்தால் உள்ளே சோகக் கதை. 'ரசிகர்கள் நெகிழ்ச்சி' என்று வந்தால் உள்ளே நல்ல செய்தி, யாரோ யாருக்கோ உதவியிருக்கிறார்கள். உருக்கத்தில் துக்கம் கலந்திருக்கும், நெகிழ்ச்சியில் நன்றி கலந்திருக்கும். நெகிழ்தல் என்றால் அடிப்படையில் இறுக்கம் தளர்வது. சங்கப் பாடல்களில் தலைவனைப் பிரிந்த தலைவி மெலிந்து போக, கையை விட்டு வளை நெகிழுமே, அதே நெகிழ்தல். ஆங்கிலப் படத்தில் ஒருவர் 'மூவ்' ஆகவில்லை என்று வந்தால், இடத்துக்கேற்ப "மசியல", "இளகல", "அசைஞ்சு குடுக்கல" என்று மூன்று விதமாக எழுதலாம். கெஞ்சலுக்கு இளகாமல் இருப்பது ஒன்று, லஞ்சத்துக்கு மசியாமல் இருப்பது வேறு. மேடையில் கண் கலங்கியவரை 'குரல் தழுதழுத்தது' என்று சொன்னால் போதும். மூவுக்கு ஒரு சொல் தேடாமல், அந்த ஆள் என்ன ஆனார் என்று பார்த்தால் தமிழ் தானாக வரும்.

ஆங்கிலத்துக்கு மனசு நகர்வது ஏன் பாராட்டாக இருக்கிறது? ரோமானியர்களிடம் போக வேண்டும். நல்ல பேச்சாளனுக்கு மூன்று வேலை என்றார் சிசரோ: சொல்லிக்கொடுக்க வேண்டும், மகிழ்விக்க வேண்டும், மனசை அசைக்க வேண்டும். அவர் வக்கீல். நீதிபதிகள் கேட்டுவிட்டு உச்சுக்கொட்டினால் போதாது, தன் பக்கம் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆக, மூவ் ஆனவன் அடுத்து ஏதாவது செய்ய வேண்டும். எழுந்து நிற்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், தெருவில் இறங்க வேண்டும். அப்படிப் பலர் சேர்ந்து இறங்கினால் 'மூவ்மென்ட்'. இந்த ஒரு சொல்லை மட்டும் நாமும் அப்படியே எடுத்து 'இயக்கம்' என்றோம். திராவிட இயக்கம் என்கிறோம். ஈழத்தில் "இயக்கத்துக்குப் போயிட்டான்" என்றால் ஒரு பிள்ளை வீட்டை விட்டு ஆயுதக் குழுவில் சேர்ந்துவிட்டான் என்று பொருள். அந்தச் சொல்லைக் கேட்ட தாய்மார்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

நகராமல் இருப்பதிலிருந்தே ஒரு மூவ்மென்ட் பிறந்த கதையும் உண்டு. 1955 டிசம்பர் 1, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மாண்ட்காமரி நகரம். வெள்ளைக்காரர் ஒருவருக்கு இடம் வேண்டும் என்று பஸ் டிரைவர் ஒரு வரிசையில் இருந்த கறுப்பினத்தவர் நால்வரையும் எழுந்து நகரச் சொன்னார். மூன்று பேர் எழுந்தார்கள். தையல் வேலை செய்துவந்த ரோசா பார்க்ஸ் எழவில்லை. பக்கத்தில் இருந்தவர் வெளியே போக வழி விட்டுவிட்டு, சன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்! கைது செய்தார்கள். அதைத் தொடர்ந்து அந்த ஊர்க் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தார்கள், பகிர்ந்துகொண்ட கார்களில் போனார்கள். கடைசியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பஸ்ஸில் இருந்த இனப் பாகுபாடு முடிவுக்கு வந்தது. ரோசா பார்க்ஸை அன்று 'மூவ்' பண்ண முடியவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதினால் அது எல்லா அர்த்தத்திலும் சரியாக இருக்கும். தமிழில் அதை எழுத எனக்குக் கிடைக்கும் சொல் 'அசரவில்லை'.

கடைசியாக, இப்போது எல்லோர் வாயிலும் இருக்கும் 'மூவ் ஆன்'. "அவ மூவ் ஆன் ஆயிட்டா, நீயும் ஆயிடு மச்சான்." தமிழில் 'கடந்து போ' என்று இதற்கு ஒரு புதுப் பெயரும் வந்துவிட்டது. துக்கம் ஒரு இடம், அதை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்பது இதற்குள் இருக்கும் யோசனை. நம் பழைய யோசனை வேறு. சோறு ஆறும், புண் ஆறும், மனசும் ஆறும். அதற்குத் துணையாக நாலு பேர் வந்து பக்கத்தில் உட்கார்வதற்குப் பெயர் ஆறுதல். அங்கே யாரும் எங்கேயும் கிளம்புவதில்லை, நேரம் கொடுக்கிறார்கள்.

இரண்டில் எது உசத்தி என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். காதல் முறிந்து, பழைய வாட்ஸ்அப் மெசேஜ்களைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கும் பையனுக்கு ஆறும் ஆறும் என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவன் அங்கேயே கிடப்பான். அவனுக்கு மூவ் ஆன்தான் மருந்து, தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் சாவு வீட்டில் போய் அதைச் சொல்லாதீர்கள். அங்கே போனால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசாமல் உட்காருங்கள், அது போதும்.